டீச்செடிப் படத்துச் சிவப்புக் கறை

கார்த்தி,

நேற்று நீ போனில் கேட்டதற்கு, "நாளைக்குச் சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. நீ ஆபீஸிலிருந்து பேசும்போது நான் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் "சொல்லும்மா, சொல்லும்மா" என்று மூன்று தடவை சொல்லிவிடுகிறாய். அந்த அவசரத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால்தான் வேலை முடிந்து வந்ததும் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் காம்பவுண்டு சுரேஷ் உங்கள் ஆபீஸ் பக்கம்தான் கேப் ஓட்டுகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் கன்னடம் எடுக்க வைத்தது நாங்கள்தான், அதற்காக உன்னைக் குறை சொல்லமாட்டேன். முடியாத இடத்தில் தீபாவிடம் கொடு. கோயம்புத்தூர்ப் பெண், கடகடவென்று படித்துவிடுவாள். அடுத்த மாதம் கல்யாணம் முடிந்தால் இது அவளுக்கும் வீட்டு விஷயம்தான்.

நீ கேட்டதை நானே ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன். "அம்மா, அப்பாவோட டீச்செடிப் படத்துல கீழ ஒரு இன்ச்சுக்கு செவப்பா கறை புடிச்சிருக்கு. பேரு எழுதியிருக்கிற எடமே தெரியல. ஃபிரேம் கடைக்காரரு அத வெட்டிட்டு, சுத்தி அட்டை வெச்சு மவுண்ட் பண்ணா நீட்டா இருக்கும்ங்கிறாரு. சனிக்கெழமைக்குள்ள சொல்லணுமாம். வெட்டச் சொல்லட்டுமா?" இவ்வளவுதான் நீ கேட்டது. 'ம்' என்று ஒரு எழுத்தில் பதில் சொல்லியிருக்கலாம்.

உங்கள் புது ஃபிளாட்டைக் காட்ட என்னைக் கூட்டிப்போன அன்றைக்குத் தீபா கம்ப்யூட்டரில் வரிசையாகப் படங்கள் காட்டினாள் அல்லவா? எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைப் படங்கள். ஒரு கிளை, நாலைந்து இலை, நடுவில் மஞ்சளாய்த் தூள் வைத்த வெள்ளைப் பூ, ஓரத்தில் காயை இரண்டாகப் பிளந்து காட்டியிருக்கும், அடியில் சுருள் எழுத்தில் பெயர். அந்தப் பழைய படங்களைத் திரும்ப அச்சடித்து வீட்டு அலங்காரத்துக்கென்று விற்கிறார்களாம். சோபாவுக்கு மேலே நான்காக மாட்டினால் ஹாலே மாறிவிடுமாம். "ஆன்ட்டி, இதுக்கு வின்டேஜ் லுக்னு பேரு" என்றாள். பழசு என்று சொன்னால் வாங்கமாட்டீர்கள் போலிருக்கிறது. நீ உடனே, "அம்மா, நம்ம வீட்ல இருக்கிறது ஒரிஜினல்!" என்று குதித்தாய். பழைய பேப்பர்காரன்கூடச் சீண்டாத பொருளுக்கு இப்படி ஒரு மவுசு வந்ததைப் பார்க்க உன் அப்பா இருந்திருந்தால், ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நானே ஸ்டூலில் ஏறி ஆணியிலிருந்து கழற்றி, பழைய லுங்கியில் சுற்றி உன் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. இப்போதெல்லாம் எதையுமே முழுசாக யோசிக்கத் தெம்பு இருப்பதில்லை. நாள் முழுக்க கார்மென்ட்ஸில் காலர் தைத்துவிட்டு வந்தால் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிட்டுப் படுத்தால் போதும் என்றுதான் இருக்கிறது.

அந்தப் படம் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அப்பா டீ கம்பெனி டிப்போவில் வேலை பார்த்தபோது ஆனேக்கல் லைன் அவருடையது. வேனில் டீத்தூள் பாக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார். நீ நாலாவதோ ஐந்தாவதோ படித்த வருஷம் டிப்போவை மூடிவிட்டார்கள். கடைசி நாளன்று மேனேஜர், "ஆபீஸ்ல இருக்கிறதுல ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் ஃபேன் எடுத்தார், ஒருவர் சுவர்க் கடிகாரம் எடுத்தார். உன் அப்பா மேனேஜர் அறைக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த இந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வந்தார். எனக்கு வந்ததே ஆத்திரம். "வேலையும் போச்சு. உக்கார ஒரு சேராச்சும் கொண்டாரக் கூடாதா? எலையும் தழையும் கொண்டாந்து நிக்கிறீங்க" என்றேன். அவர் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "இத்தன வருஷம் இதத்தானேடி வித்தேன். ஒரு நாளாச்சும் இதோட மூஞ்சியப் பாத்திருக்கேனா? நான் பாத்தது எல்லாம் தூளுதான்" என்றார். ஸ்கூட்டரில் கொண்டுவரும்போது கண்ணாடியின் கீழ் ஓரத்தில் நீளமாக ஒரு விரிசல் விழுந்திருந்தது. நாளைக்கு மாற்றிவிடுகிறேன் என்றார். மாற்றவில்லை.

நம் மாதிரி வீடுகளில் ஃபிரேம் போட்ட படம் என்றால் ஒன்று சாமி, இல்லையென்றால் செத்துப்போனவர்கள். மூன்றாவது வகை கிடையாது. வெள்ளிக்கிழமை எல்லாப் படத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், கை வேகத்தில் இதற்கும் ஒன்று வைத்துவிட்டேன். "ஏன்டி, டீத்தூளுக்கெல்லாமா பொட்டு?" என்று அப்பா கேட்டார். "இத்தன நாளு சோறு போட்டுச்சுல்ல, இருக்கட்டும்" என்றேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் வீட்டு ஓனரம்மா ஏதோ சொல்ல உள்ளே வந்தார். சரோஜம்மாவைத்தான் சொல்கிறேன். புதுப் படத்தையும் பொட்டையும் பார்த்தார். "இது யாவ தேவரு?", எந்தச் சாமி என்று கன்னடத்தில் கேட்டார். உன் அப்பாவுக்கு நாக்கில் சனி. அவர் தினமும் டீத்தூள் போட்டுக்கொண்டிருந்த மலையாளத்துக்காரர் கடைகளில் டீக்குச் சாயா என்றுதானே பேர்? கண் சிமிட்டாமல், "சாயாதேவிம்மா" என்றார்.

அவர் சொன்னது வெறும் விளையாட்டு. ஓனரம்மா சிரிப்பார், நாமும் சிரிக்கலாம் என்று நினைத்தார். ஆனால் சாயாதேவி என்று நிஜமாகவே ஒரு சாமி இருக்கிறாள், சூரியனுக்குப் பெண்டாட்டி, சனீஸ்வரனைப் பெற்றவள். சரோஜம்மா சட்டென்று கை கூப்பிவிட்டார். "சனி மகாத்மன தாயி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். உன் அப்பா என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே அவர் நல்லெண்ணெயும் ஒரு மண் விளக்கும் குங்குமச் சிமிழும் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருடைய பெரிய மகன் ரவியை நீ பார்த்திருக்கமாட்டாய். நாம் இங்கே குடிவருவதற்கு முன்பே, அவன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். எங்கே போனான், என்ன ஆனான் என்று ஒரு தகவலும் இல்லை. ஜோசியர் சனி தோஷம் என்று சொல்லியிருந்தார். அதற்குத்தான் இந்த விளக்கு. சனிக்கிழமைதோறும் ஏற்றி வைத்து, எண்ணெயில் குழைத்த குங்குமத்தைப் படத்தின் கீழ்ப்பக்கமாக அழுத்தி வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார். அரை மணி நேரம் அழுதுவிட்டு, மூஞ்சியைக் கழுவிக்கொண்டு, நான் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டுப் போவார். அது வரைக்கும் நாம் மூன்று பேரும் அடுப்படியில் ஒண்டிக்கொண்டு நிற்போம். ஒருநாள் நீ, "ஆன்ட்டி, அது டீ..." என்று ஆரம்பித்தாய். உன் தொடையில் நான் கிள்ளியது உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கலாம். எதற்குக் கிள்ளு வாங்கினோம் என்று தெரியாமலே அழுதாய்.

அப்பா பல தடவை, "சொல்லிடலாம்டி, பாவமா இருக்கு" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். காவிரிக் கலவரத்துக்குப் பிறகு இந்தக் கன்னட ஊரில் தமிழ்க் குடும்பத்துக்கு வீடு கிடைப்பது சுலபமாக இல்லை என்பது ஒன்று. உன் அப்பாவுக்கும் நிலையான வேலை இல்லை. ஓனர் முன்கோபக்காரர் வேறு, கேலி பண்ணினோம் என்று தெரிந்தால் சாமானைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார். ஆனால் அதைவிட இன்னொன்று இருந்தது. அழுது முடித்துப் போகும்போது அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் இறக்கி வைத்த மாதிரி இருக்கும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு வாரம் போய்விட்டால் அடுத்த வாரம் சொல்வது இன்னும் கஷ்டம். இப்படியே வருஷங்கள் ஓடின.

அப்பா படுக்கையில் விழுந்தபோது நீ இரண்டாம் பி.யூ.சி. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை சரோஜம்மா, "இவத்து உங்க எஜமானருக்காக" என்று உன் அப்பா பேரைச் சொல்லி விளக்கேற்றினார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். அது டீச்செடி என்று எனக்குத் தெரியும். அதற்குச் சாமி பேர் வைத்த ஆள் கட்டிலில் படுத்திருக்கிறார். அப்படியும் கண்ணை மூடிக்கொண்டு, 'தாயே, இந்த ஒரு ஆளை மட்டும் விட்டுவிடு' என்று கும்பிட்டேன். வேறு எங்கே போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, கார்த்தி. எல்லாக் கோயிலிலும் கேட்டாகிவிட்டது. ஓனரம்மா போன பிறகு உன் அப்பா மெல்லக் கூப்பிட்டார். "கும்புட்டது போதும். அந்தத் தேவிய கொஞ்சம் டம்ளர்ல ஊத்திக் குடு" என்றார். சிரித்துக்கொண்டே போய் டீ போட்டேன். அவர் இரண்டு வாய்தான் குடித்தார்.

அவர் போன பிறகு நான் அழுது நீ பார்த்திருக்கமாட்டாய். உனக்குப் பரீட்சை. உன் முன்னால் அழுதால் நீ புத்தகத்தை மூடிவிடுவாய் என்று பயம். காரியம் முடிந்த அடுத்த சனிக்கிழமை சரோஜம்மா வழக்கம்போல் விளக்கோடு வந்தார். நீ லைப்ரரிக்குப் போயிருந்தாய். எனக்கு உடம்பும் மனசும் விட்டுப்போயிருந்தது. இனிமேல் எந்த வேஷமும் முடியாது என்று தோன்றிவிட்டது. "அம்மா, வெளக்கு வேணாம். இது சாமி இல்ல. டீச்செடி. அவரு அன்னைக்கு வெளையாட்டுக்குச் சொன்னாரு. இத்தன வருஷம் உங்ககிட்ட சொல்லாம விட்டது தப்புதான். வீட்ட காலி பண்ணச் சொன்னாலும் பண்ணிடறேன்" என்று கொட்டிவிட்டேன்.

அவர் திரியைத் திருத்திக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. "கொத்து கணம்மா" என்றார். எனக்குத் தெரியும் என்கிறார். "மொதல் வாரமே கொத்து. கீழ இங்கிலிஷ்ல எழுதியிருக்கில்லா? டீ, ஈ, ஏ. அஷ்டு கூட படிக்க வராதா எனக்கு?" பிறகு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க மனேல, வீட்ல, ரவி பேரு சொல்லக்கூடாது. அவன நெனச்சு அழக்கூடாது. எஜமானரு ஆர்டர். தேவருக்கு தீபம் போடறேன்னா மட்டும் அவரு ஒண்ணும் கேக்கமாட்டாரு. உங்க மனேல ஒரு தேவரு சிக்கினா. விடுவேனா நான்? அதுக்குத்தான் வாரா வாரம் குங்குமத்த அந்தப் பேரு மேலயே வெச்சேன். வேற யாரும் படிச்சிடக்கூடாதுன்னு."

நான் இத்தனை வருஷமும் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஓனரம்மா குள்ளம், கை எட்டுகிற இடத்தில் வைக்கிறார் என்று. அன்றைக்கு அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். உன் அப்பாவுக்காக அவர் அழுதாரா, ரவிக்காக நான் அழுதேனா, ஒன்றும் புரியவில்லை. முடித்துவிட்டு டீ போட்டுக் குடித்தோம்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமை நிற்கவில்லை. விளக்கு, எண்ணெய், குங்குமம் எல்லாம் அதேபோல்தான். யாருக்காக அழுகிறாய் என்று அவர் கேட்கமாட்டார், நானும் கேட்கமாட்டேன். ரவி இன்றுவரை வரவில்லை. ஓனர் இன்றுவரை மாறவில்லை, காது மட்டும் மந்தமாகிவிட்டது. நீ கேட்கிற கறை இப்படி வந்ததுதான். எண்ணெயில் குழைத்த குங்குமம் விரிசல் வழியாக இறங்கி இறங்கிப் பேப்பரில் ஊறிவிட்டது. நீ இந்த வீட்டிலேயே வளர்ந்தும் உனக்கு இது தெரியாது. அது உன் தப்பில்லை, நாங்கள் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை அவர் வந்தார். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. படம் இருந்த இடம் சதுரமாக வெளுத்துத் தெரிகிறது. அவர் கையில் விளக்கோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "கார்த்தி புது வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாம்மா" என்றேன். "ஒள்ளேது, ஒள்ளேது. நல்லா இருக்கட்டும்" என்றார். எண்ணெய்ப் புட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. வெறும் சுவருக்கு விளக்கேற்ற வந்தேன் என்று அவர் வீட்டில் சொல்ல முடியாதே. டீகூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டார். முட்டி வலியோடு அவர் ஒவ்வொரு படியாக இறங்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

படத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கத்தான் முதலில் நினைத்தேன். கேட்டால் நீ உடனே கொண்டுவந்து மாட்டிவிடுவாய், தெரியும். ஆனால் அப்பாவின் பொருளில் உனக்கு ஒன்றும் வேண்டாமா? அவருடைய ஸ்கூட்டர் போய்விட்டது, கைக்கடிகாரம் ஓடவில்லை. நீயாக ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இருக்கட்டும், உன் ஹாலில் மாட்டு. தீபா வாங்குகிற மற்றப் படங்களுக்கு நடுவில் அது எடுப்பாகத்தான் இருக்கும். வீட்டை அழகாக வைத்துக்கொள்ளுங்கள், நான் குறை சொல்லவே மாட்டேன். ஒன்றை மட்டும் உங்கள் இருவருக்கும் சொல்கிறேன், கிழவி புலம்புகிறாள் என்று நினைத்தாலும் சரி. உங்கள் வீட்டில் யாரும் அழக்கூடாது என்று எந்த நாளும் யாரும் ஆர்டர் போடாதீர்கள். கோபத்தில்கூடச் சொல்லிவிடாதே, கார்த்தி. உனக்கு அப்பாவின் சிரிப்பு வந்திருக்கிறது, என்னுடைய வறட்டுப் பிடிவாதமும் வந்திருக்கிறது. தீபா எதற்காவது அழுதால் எதற்கு என்று துருவாதே. பக்கத்தில் உட்கார், முடியாவிட்டால் டீயாவது போடு. நான் உன் முன்னால் அழாமல் இருந்ததைப் பெரிய சாமர்த்தியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உனக்கும் அழ வேண்டியிருந்திருக்கும். நான் கல்லாக நின்றதைப் பார்த்து நீயும் அடக்கிக்கொண்டிருப்பாய்.

அதனால் கடைக்காரரிடம் வெட்டவேண்டாம் என்று சொல். அட்டை வைத்து மூடவும் வேண்டாம், அது தெரியட்டும். கண்ணாடியை மட்டும் மாற்றச் சொல். அப்பா நாளைக்கு என்று சொன்னதை நீயாவது செய். மாட்டும்போது ரொம்ப உயரத்தில் மாட்டாதே, சரோஜம்மாவின் கைக்கு எட்டவேண்டும்.

ஆமாம், அவரைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன். நீலசந்திராவிலிருந்து உன் வீட்டுக்கு இரண்டு பஸ். எனக்கும் இடுப்பு இல்லை, அவருக்கும் முட்டி இல்லை, ஆனாலும் வருவோம். ஓனரிடம் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்துவிட்டேன். சாயாதேவி உன் வீட்டுக்குக் குடி போய்விட்டாள், விளக்குப் போட அங்கேதான் போகவேண்டும். தேவர் விஷயம் என்றால் அவர் ஒன்றும் கேட்கமாட்டார். இந்தச் சனிக்கிழமை படம் கடையில் இருக்கும், பரவாயில்லை, அவரை நான் எப்படியாவது உட்கார வைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வருகிறோம், தீபாவையும் வரச் சொல். சரோஜம்மா உள்ளே வந்ததும் படத்தைப் பார்த்து, "இது யாவ தேவரு?" என்று கேட்டாலும் கேட்பார். வேண்டுமென்றே கேட்பார், அவருக்கும் குறும்பு உண்டு. உன் அப்பா சொன்ன பதிலையே நீயும் சொல். சிரிக்காமல் சொல். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் டீ போட்டு வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நீயும் தீபாவும் கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

அம்மா